வெறும் வயிற்றில் ஓட்டினால் குதிரைக்குப் புண் வராதா?

இந்தக் குழுவில் ஒருவர், "போட்டிக் குதிரையைக் காலையில் வெறும் வயிற்றில் ஓட்டினால் வயிற்றுப்புண் வராது" என்று எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் விட்டார்கள். தீனி போட்ட கையோடு ஓட்டக் கூடாது என்பது கொள்ளு, ஓட்ஸுக்குப் பொருந்தும் சார், புல்லுக்கு அல்ல.

குதிரைக்கு இரைப்பை அமிலம் தின்றாலும் தின்னாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். பாய்ச்சலில் வயிறு இறுகும்போது அமிலம் மேலே தெறிக்கும். இரைப்பையின் மேல்பாதிக்குக் கீழ்ப்பாதியைப் போலச் சளிப்படலப் பாதுகாப்பு கிடையாது. புண் பெரும்பாலும் அங்கேதான். சென்னை வெயிலுக்குப் பயந்து 5 மணிக்கே சேணம் பூட்டுகிறோம், முந்தைய மாலை போட்ட புல்லோ நள்ளிரவுக்குள் தீர்ந்திருக்கும். ஆகவே ஏறுவதற்கு அரை மணி முன் சுமார் 2 லிட்டர் அளவு நறுக்கிய குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா எனும் தீவனப்பயிர்) கொடுங்கள். அதிலுள்ள கால்சியமும் புரதமும் அமிலத்தைத் தணிக்கும். மிதக்கும் நார் தெறிப்பைத் தடுக்கும்.

சரிபார்ப்பது எளிது. ஒரு கிலோ காய்ந்த புல்லையும் ஒரு கிலோ ஓட்ஸையும் தனித்தனியாகப் போட்டு போனில் நேரம் பாருங்கள்: புல்லுக்குச் சுமார் 40 நிமிடம், ஓட்ஸுக்கு 10. எச்சிலும் அந்தக் கணக்குதான். புண் இருக்கிறதா என்பதை 3 மீட்டர் எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய குழாய்) விட்டுப் பார்த்தால்தான் உறுதி. குதிரை மருத்துவரிடம் கேளுங்கள். அந்தப் பரிசோதனைக்கு மட்டும் பட்டினி போட்டே ஆக வேண்டும்!