‘டேக்’ என்றால் எடு, அவ்வளவுதானா?

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ. நெருங்கினால் போதும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பிடிஎஃப் சுற்ற ஆரம்பித்துவிடும். ‘கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஃப்ரேசல் வெர்ப்கள்’, அதாவது ஒரு வினையோடு குட்டிச் சொல் ஒட்டிப் புதுப்பொருள் தரும் தொடர்கள். இடப்பக்கம் டேக் ஆஃப், டேக் இன், டேக் ஆன், டேக் ஆஃப்டர். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொருள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ராத்திரி பத்து மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதை உருப்போட வேண்டும். இதற்குப் பெயர் ஆங்கிலம் கற்றுக்கொடுப்பதாம்!

டேக் ஆஃப் என்றால் விமானம் கிளம்புவது என்று போட்டிருக்கும். சாங்கி விமான நிலையத்துக்குப் போனால் அது சரி. வீட்டு வாசலில் ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’ என்கிறார்களே, அது என்ன? கடைக்காரர் ‘டேக் டூ டாலர்ஸ் ஆஃப்’ என்றால் விலையில் இரண்டு வெள்ளி குறைகிறது. புதுக் கடை டேக் ஆஃப் ஆகிவிட்டது என்றால் வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் நழுவுவதும் டேக் ஆஃப், ஒருவரைப் போலவே பேசி நடித்துக் கிண்டலடிப்பதும் டேக் ஆஃப். இதில் எந்த ஒன்றை வலப்பக்கத்தில் எழுதுவீர்கள்? 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். அதிலேயே மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற துக்கடாச் சொல்லுக்குத்தான். இப்படிப்பட்ட வினைச்சொற்களை இரண்டு பக்க பிடிஎஃப்-இல் அடைக்கிறார்கள், கேட்டால் ‘எக்ஸாமுக்கு இது போதும்’ என்கிறார்கள்.

போதாது. ஆங்கிலத் தாளில் ஒரு பத்தியின் விடுபட்ட சொற்களை நிரப்பும் காம்ப்ரிஹென்ஷன் கிளோஸ் பகுதியில் 15 கோடிட்ட இடங்கள், உதவிக்குச் சொற்பட்டியல் கிடையாது. டேக் என்ற சொல்லைக் கண்ணெதிரே அச்சடித்துவிட்டு, அடுத்து வரும் ஆஃப், அப், ஓவர், டு போன்ற குட்டிச் சொல்லைக் காலியாக விட்டால், பொருளை மட்டும் உருப்போட்ட பிள்ளை என்ன செய்யும்? முன்பின் வாக்கியத்தைப் படித்து, யார், எதை, எந்தத் திசையில் என்று பார்த்தால்தான் அந்தக் குட்டிச் சொல் பிடிபடும்.

இதைவிட எரிச்சல், ‘இட்’, ‘தெம்’ போன்ற சொல் எங்கே வரும் என்று ஒரு பட்டியலும் சொல்லாமல் விடுவது. ‘டேக் ஆஃப் தி ஷூஸ்’, ‘டேக் தி ஷூஸ் ஆஃப்’ இரண்டும் சரி. ஷூஸுக்குப் பதிலாக ‘தெம்’ போட்டால் ‘டேக் தெம் ஆஃப்’ மட்டும்தான் சரி, ‘டேக் ஆஃப் தெம்’ தப்பு. டேக் ஆஃப்டர் அப்படி இல்லை. ‘டேக்ஸ் ஆஃப்டர் ஹிம்’ என்றால், அப்பாவைப் பற்றிய பேச்சில், பிள்ளை அவரை உரித்து வைத்திருக்கிறது என்று பொருள், நடுவில் எதையும் செருக முடியாது.

மருந்து வாங்கும் இடத்தில் ‘டேக் ஆஃப்டர் ஃபுட்’ என்கிறார்களே, பட்டியல் மனப்பாடப்படி அதற்கு என்ன அர்த்தம்? சாப்பாட்டைப் போலவே ஜாடையா? அங்கே ‘இட்’ என்பதை நடுவில் வைத்துப் பாருங்கள். ‘டேக் இட் ஆஃப்டர் ஃபுட்’ இயல்பாக உட்காருகிறது. அப்படியென்றால் ‘ஆஃப்டர்’ சாப்பாட்டோடு ஒட்டியது, டேக்குக்கும் அதற்கும் உறவில்லை. அப்பா ஜாடையைச் சொல்லும் வாக்கியத்தில் ‘இட்’ நுழைத்தால் வாக்கியமே உடைந்துவிடும். இந்த ஒரு சோதனையைச் சொல்லித்தர இரண்டு நிமிடம் ஆகாது.

இந்த நடு இடம் பெரியவர்களையும் விடுவதில்லை. ‘டுமாரோ ஐ டேக் ஆஃப்’ என்று மேலாளருக்குச் செய்தி அனுப்புகிறோம். நம் ஊர்க்காரருக்குப் புரிந்துவிடும். லண்டன் அலுவலகத்தில் படிப்பவர் எங்கே பறக்கப் போகிறார் என்று யோசிப்பார். ‘ஐம் டேக்கிங் டுமாரோ ஆஃப்’ என்று நாளை நடுவில் வைத்தால் வேலை முடிந்தது.

சரி, தமிழருக்கு இது கைவராத வித்தையா என்ன? பசி எடுக்கிறது, வலி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது, ஓட்டம் எடுக்கிறான், பாம்பு படம் எடுக்கிறது, பெரியவரை எடுத்தெறிந்து பேசுகிறான். இதற்கெல்லாம் யாரும் நமக்குப் பட்டியல் தரவில்லை, முழு வாக்கியமாகக் கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. ‘ஐ டேக் இட் யூ ஹேவ் ஃபினிஷ்ட்’ என்றால், முடித்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன். அச்சு அசலாக நம்முடையது! தேக்கா சென்டர் மாடியில் பிளவுஸ் தளர்ந்தால் தையல்காரரிடம் ‘கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க’ என்போமே, அதுதான் துணி விஷயத்தில் டேக் இன். நீளத்தை மடித்துக் குறைத்தால் டேக் அப். ஆளைப் பற்றிப் பேசும்போது ‘டேக்கன் இன்’ என்றால் ஏமாந்துபோனார் என்பது வேறு கதை.

நம்மிடம் இருப்பதையும் கோட்டைவிடுகிறோம் என்பதுதான் வயிற்றெரிச்சல். தமிழில் கொண்டுபோ, கொண்டுவா, கூட்டிப்போ, கூட்டிவா என்று திசை தெளிவாக இருக்கிறது. டேக்குக்கும் பிரிங்குக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதேதான். மலாயில் ‘பாவா’ இரண்டுக்கும் பொது, அதனால் அவர்கள் குழம்பினால் நியாயம் உண்டு. நாமும் சேர்ந்துகொண்டு ‘ஐ பிரிங் மை மதர் டு தி கிளினிக்’ என்று வீட்டிலிருந்தபடி சொல்வதற்கு என்ன சமாதானம்? காப்பிக் கடைப் பேச்சில் இருக்கட்டும், அதன் ருசியே தனி. பரீட்சைத் தாளில் எழுதக் கூடாது.

பிள்ளைக்கு உதவ நினைத்தால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். டேக் என்று தலைப்புப் போடாமல் ஆஃப், அப், ஓவர், இன் என்று பக்கம் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் படித்த முழு வாக்கியம், எதை ‘டேக்’ செய்கிறோம் என்பது, ‘இட்’ எங்கே வருகிறது, வீட்டுப் பேச்சா கட்டுரை நடையா, இந்த நான்கு மட்டும். ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம், மறுவாரம் குட்டிச் சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு கேளுங்கள்.

அகராதி வாங்கினால் கற்போருக்கான அகராதியாகப் பார்த்து வாங்குங்கள். லாங்மன் அகராதியில் டேக், ஆஃப் இரண்டுக்கும் நடுவில் இருபக்கமும் முனையுள்ள ஓர் அம்புக்குறி இருக்கும். பெயர்ச்சொல்லை முன்னும் வைக்கலாம் பின்னும் வைக்கலாம் என்று அர்த்தம். டேக் ஆஃப்டருக்கு அந்த அம்பு கிடையாது. காசு வாங்கிக்கொண்டு பட்டியல் அச்சடிப்பவர்களுக்கு இந்த ஒரு குறியைப் போடுவதில் அப்படி என்ன கஞ்சத்தனமோ!