மண்ணுக்குள் ஓடும் கோடுகளை யார் இணைப்பது?

சர்வே டேட்டாவைக் கொட்டினால் வரைபடம் தானாக வந்து விழும் என்று சொல்லும் மென்பொருள்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. சாலையோரம் மண்ணுக்கடியில் போகும் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, ஈபி கேபிள், ஃபைபர், கேஸ் லைன் எல்லாவற்றையும் ஒரே தாளில் காட்டும் யூட்டிலிட்டி வரைபடம்தான் என் பிழைப்பு. அதனால் "உங்க வேலை போச்சா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போகட்டும். அதில் பாதிக்கு மேல் போகவேண்டிய வேலைதான். மிச்சத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

டோட்டல் ஸ்டேஷன், டிஜிபிஎஸ் போன்ற இடம் அளக்கும் கருவிகள் தரும் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் எண், வடக்கு, கிழக்கு, உயரம், அப்புறம் ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பைப் பார்த்து இது வால்வு சேம்பர் (வால்வு இருக்கும் குழி), இது பில்லர் பாக்ஸ் (சாலையோர மின்பெட்டி) என்று சின்னம் வைக்க வேண்டும். குழாய்க்கு ஒன்று கேபிளுக்கு ஒன்று என்று லேயர் பிரிக்க வேண்டும், சாலையின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற செயினேஜ் எழுத வேண்டும், நீளும் சாலையைத் தாள் தாளாக வெட்ட வேண்டும். இதற்கெல்லாம் வரைபடம் போடும் ஒரு டிராஃப்ட்ஸ்மேன் ராத்திரி கண் விழிப்பது வீண். சிவில் 3டி என்ற வரைபட மென்பொருளில் இந்த வசதி பல வருடமாக இருக்கிறது. ஆட்டோலிஸ்ப், பைத்தான் போன்ற கணினி மொழி ஓரளவு தெரிந்தவர் சொந்தமாகவே நிரல் எழுதிக்கொள்ளலாம்.

ஒரே நிபந்தனை, ஃபீல்டில் குறிப்பு ஒழுங்காக விழவேண்டும். காலையில் ஒரு பையன் 'எம்எச்' என்று அடிப்பான். மதியம் இன்னொருவன் 'மேன்ஹோல்' என்பான். வெயில் ஏறியதும் அது வெறும் 'மூடி' ஆகிவிடும். நமக்கு மூன்றும் ஒன்று, நிரலுக்கு மூன்று வேறு பொருள். மென்பொருள் லைசென்ஸுக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சத்தை அந்தப் பையன்களைப் பழக்கச் செலவு செய்யலாம். எந்த முதலாளி கேட்பார்!

சரி, சின்னம் வைத்தாயிற்று. இனி புள்ளிகளை இணைத்துக் கோடாக்க வேண்டும். என் சண்டை இங்கேதான்.

முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு கேபிள் சேம்பர்கள் இருக்கின்றன என்று வையுங்கள். நிரல் இரண்டுக்கும் நடுவே நேர்கோடு போடும். இடையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தால், பள்ளம் தோண்டியவர்கள் வேரோடு மல்லுக்கட்டாமல் சுற்றிக்கொண்டு போயிருப்பார்கள். நல்ல டிராஃப்ட்ஸ்மேன் மரத்தைப் பார்த்ததுமே ஃபீல்டுக்குப் போன் போடுவார்: "தம்பி, அந்த மரத்துக்கிட்ட லொக்கேட்டர் வச்சுப் பாத்தியா, இல்ல சும்மா ரெண்டு மூடியை மட்டும் எடுத்துட்டு வந்துட்டியா?" லொக்கேட்டர் என்பது மண்ணுக்கடியில் கேபிள் போகும் தடத்தை மேலிருந்தே கண்டுபிடிக்கும் கருவி. நிரல் போன் போடாது.

மண்ணுக்குள் ரேடியோ அலை அனுப்பிப் பார்க்கும் ஜிபிஆர் என்ற ரேடார் கருவியில் எடுத்த இடத்தில் கதை இன்னும் சிக்கல். சாலைக்குக் குறுக்கே கருவியைத் தள்ளிக்கொண்டு போனால், கீழே குழாய் வரும் இடத்தில் திரையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவு தெரியும். அதன் உச்சியில் ஒரு புள்ளி வைப்போம். சில மீட்டர் தள்ளி மறுபடி குறுக்கே ஓட்டுவோம். முதல் ஓட்டத்தில் மூன்று புள்ளி, அடுத்ததில் நான்கு, அதற்கடுத்ததில் இரண்டு என்று வரும். எந்தப் புள்ளி எதோடு சேரும்? பக்கத்தில் இருப்பதோடு சேர் என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தால், குடிநீர்க் குழாய் பாதி வழியில் ஈபி கேபிளாக மாறிவிடும். ஆழமும் அப்படித்தான். மண்ணுக்குள் அலை போகும் வேகத்தை நாம் அனுமானித்துக் கொடுத்தால்தான் கருவி ஆழம் சொல்லும். உலர்ந்த மணலில் போகும் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் ஈரக் களிமண்ணில். வேகத்தைத் தப்பாகக் கொடுத்தாலும் 1.37 மீட்டர் என்று தசமப் புள்ளியோடு அழகாக எழுதித் தரும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 2002இல் வந்து 2022இல் திருத்தப்பட்ட, சிவில் எஞ்சினியர்கள் சங்கத்தின் ஏஎஸ்சிஇ 38 என்ற தரநிலை, ஒவ்வொரு லைனுக்கும் ஒரு தரம் கொடுக்கச் சொல்கிறது. பழைய ஆவணத்திலிருந்து மட்டும் எடுத்தது டி. மேலே தெரியும் மூடிகளை வைத்து ஊகித்தது சி. கருவி வைத்துக் கண்டது பி. தோண்டிக் கண்ணால் பார்த்து அளந்தது ஏ. பிரிட்டனின் பாஸ் 128 என்ற விதிமுறையும் 2014இல் இருந்து கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறது. ஒரே குழாய் ஒரு தெருவில் ஏ, அடுத்த தெருவில் டி ஆக இருக்கலாம். கோட்டைப் பார்த்ததுமே அது தெரியவேண்டும்.

நான் பார்த்த தானியங்கி வரைபடங்களில் எல்லாக் கோடும் ஒரே தடிமனில், ஒரே நிறத்தில், ஒரே தைரியத்தோடு ஓடுகின்றன. இரண்டு மூடிகளுக்கு நடுவே சும்மா நேர்கோடு போட்ட இடமும், குழி வெட்டிப் பார்த்த இடமும் பார்வைக்கு ஒன்று. ஜேசிபி ஓட்டுபவருக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம்.

கம்ப்யூட்டருக்குள் ஏறிவிட்ட தகவலை யாரும் சந்தேகப்படுவதில்லை. கலிபோர்னியாவின் சான் புரூனோவில் 2010 செப்டம்பரில் கேஸ் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். குழாயின் சொந்தக்காரரான பிஜி அண்ட் இ நிறுவனத்தின் பதிவேட்டில் அது தையல் இல்லாத, அதாவது நீளவாக்கில் வெல்டிங் இல்லாத, குழாய் என்று இருந்தது. விசாரணையில் பார்த்தால் வெடித்த இடத்தில் இருந்தது நீளவாக்கில் வெல்டிங் செய்த துண்டுகள், அந்த வெல்டிங்கும் அரைகுறை. காகிதத்தில் இருந்த பிழை கணினிக்கு ஏறியதும் அது உண்மையாகவே ஆகிவிட்டது.

நம் நாட்டில் தோண்டுவதற்கு முன் கேட்கட்டும் என்று 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி வந்தது. தாறுமாறாகத் தோண்டுவதால் வருடத்துக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்பது அப்போது அரசு சொன்ன கணக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தோண்டப்போகிறேன் என்று கேட்பவருக்குக் கொடுக்க, கேபிளின் சொந்தக்காரரிடம் நம்பத்தக்க வரைபடம் இருக்கவேண்டுமே.

ஆகவே இணைப்பதையும் நிரலே செய்யட்டும், ஆனால் சந்தேகமான இடத்தில் கோடு போடாமல் விட்டுவிடவேண்டும் என்கிறேன். இரண்டு புள்ளிக்கு நடுவே ஆதாரம் இல்லையென்றால் அங்கே இடைவெளி. ஒவ்வொரு கோட்டோடும் தரம், எடுத்த தேதி, எடுத்த முறை ஒட்டியிருக்கவேண்டும். சேராத புள்ளிகள் தனிப் பட்டியலாகி அன்று சாயங்காலமே களத்தில் அளக்கும் ஃபீல்டு பார்ட்டிக்குப் போகவேண்டும். இதை எழுதுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை, நாங்களே ஒன்று எழுதி வைத்திருக்கிறோம்.

கஷ்டம் வேறு இடத்தில். இடைவெளியோடு வரைபடம் கொடுத்தால் "என்ன சார், வேலை முடியலையே" என்று திருப்பி அனுப்புகிறார்கள். மரத்தைத் துளைத்துக்கொண்டு போகும் நேர்கோட்டுக்கு அன்றே கையெழுத்து. பில்லும் கிலோமீட்டர் கணக்கில்தான். விட்டுப்போன இடத்துக்கு மறுநாள் மறுபடி ஆள் அனுப்பி லொக்கேட்டர் வைக்கவோ, ஒரு சோதனைக் குழி வெட்டவோ நான் பார்த்த டெண்டர்கள் பலவற்றில் ஓர் ஐட்டமே கிடையாது.