‘உறைதடுப்பு மரபணு’ ஒன்றே போதுமா?

“அண்டார்டிகா மண் பாக்டீரியாவிடம் ஓர் உறைதடுப்பு மரபணு இருக்கிறது, அதை எடுத்து வைத்தால் எந்த பாக்டீரியாவும் குளிரைத் தாங்கும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை.

முதலில், தாங்குவது வேறு, வளர்வது வேறு. ஆய்வகங்களில், நம் குடலில் வாழும் சாதாரண ஈ. கோலை பாக்டீரியாவையே கிளிசரால் என்ற பாகுத் திரவம் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். சாகாது, ஆனால் வளரவும் வளராது. கனடாவின் ஆர்க்டிக் நிலத்தடி உறைமண்ணில் கிடைத்த பிளானோகாக்கஸ் ஹாலோகிரையோஃபிலஸ் என்ற பாக்டீரியாவோ மைனஸ் 15 டிகிரியிலும் பெருகுகிறது. வியப்பு அங்கேதான்.

அதற்கு ஒரு மரபணு போதாது. செல்லின் வேதிவினைகளை நடத்தும் புரதங்களான நொதிகள் குளிரில் விறைத்துப்போகும். சைபீரிய உறைமண்ணில் கிடைத்த சைக்ரோபாக்டர் ஆர்க்டிகஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியைப் பார்த்தால், ஏராளமான புரதங்களில் புரோலின், அர்ஜினின் என்ற இரு அமினோ அமிலங்கள் குறைவாக இருக்கின்றன. புரோலின் புரதச் சங்கிலியை வளையவிடாது, அர்ஜினின் மடிப்புகளைக் கட்டிப்போடும். இரண்டும் குறைந்தால் நொதி நெகிழ்வாகிறது. இது ஒரே இடத்தில் செருகிய மாற்றமல்ல, தொகுதி முழுக்கச் சிதறிய சிறுசிறு திருத்தங்கள். (இதற்கு விலையும் உண்டு: இப்படிப்பட்ட நொதிகள் சற்றுச் சூடானாலே குலைந்துவிடும்.)

அப்புறம், செல்சவ்வு கெட்டியாகாமல் இருக்க நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள், நீர் உறைய உறைய மிஞ்சும் நீரில் ஏறும் உப்புச்செறிவைச் சமாளிக்க கிளைசின் பீட்டைன் போன்ற சேர்மங்கள். ‘உறைதடுப்பு’ என்று சொல்லப்படும், பனிக்கட்டியோடு ஒட்டிக்கொள்ளும் புரதம் சில பாக்டீரியாக்களிடம் உண்மையிலேயே உண்டு, எல்லாவற்றிடமும் இல்லை. திடீர்க் குளிரில் செல் உருவாக்கும் “குளிர் அதிர்ச்சிப் புரதம்” என்று நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அந்தக் குடும்பத்தில் உறைகுளிரில் வளராத ஈ. கோலையிடமே ஒன்பது இருக்கின்றன.