தேஜஸ்வியின் பறவைப் புத்தகங்களும் இலக்கியம்தான்

கன்னட இலக்கியம் என்றால் நம் பக்கம் அனந்தமூர்த்தி, பைரப்பா, கிரீஷ் கர்னாட் என்று பேச்சு போகும். பூர்ணசந்திர தேஜஸ்வியின் பெயர் வந்தாலும் "குவெம்புவின் மகன்" என்பதோடு நின்றுவிடும். எனக்கு இதில் தீராத மனக்குறை உண்டு.

குவெம்பு லேசுப்பட்ட அப்பா இல்லை. கன்னடத்துக்கு முதல் ஞானபீடத்தை வாங்கித் தந்தவர், மைசூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அவர் மகன் கன்னடத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு விரிவுரையாளர் வேலைக்குப் போயிருந்தால் ஊரே சரி என்றிருக்கும். தேஜஸ்வியோ சிக்மகளூர் மாவட்டத்து மூடிகெரெக்குப் போய்க் காப்பித் தோட்டம் போட்டார். 2007இல் இறக்கும்வரை அந்த மலைநாடுதான் அவருடைய இடம். மீன் பிடித்தார், பறவைகளைப் படமெடுத்தார், எழுதினார்.

1973இல் வந்த 'அபசூரின போஸ்டாபீஸு' தொகுப்பின் முன்னுரையில், அன்று கோலோச்சிய நவ்ய (கன்னட நவீனத்துவ) எழுத்தின் பாதை இனித் தனக்கு ஒத்துவராது என்று வெளிப்படையாகவே எழுதினார். தன்னைப் பாதித்தவர்களாக அவர் சொன்ன மூவர்: குவெம்பு, சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா, எழுத்தாளர் சிவராம காரந்த். மூன்றாவது பெயரைக் கவனியுங்கள். நாவலும் யட்சகானம் என்ற கர்நாடகக் கூத்துக்கலை பற்றிய ஆராய்ச்சியும் குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியமும் ஒரே ஆளுடைய வேலையாக இருக்கலாம் என்று காட்டியவர் காரந்த்.

1980இல் வந்த 'கர்வாலோ' நாவலைப் படித்தால் தேஜஸ்வி எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் ஒரு பறக்கும் ஓணானைத் தேடிப் போகிறார்கள். கதை அவ்வளவுதான். ஆனால் யார் போகிறார்கள்? விஞ்ஞானி கர்வாலோ, கதை சொல்லும் விவசாயி, பிரியாணி கரியப்பா, கிவி என்ற நாய், அப்புறம் மந்தண்ணா. ஊர்க்காரர்களுக்கு மந்தண்ணா ஒரு உதவாக்கரை. அவனுக்கே ஒரு பியூன் வேலை கிடைத்தால் போதும், கல்யாணம் ஆகிவிடும் என்ற கனவுதான். ஆனால் தேனீயைப் பற்றியும் காட்டைப் பற்றியும் அவனுக்குத் தெரிந்தது அங்கே வேறு யாருக்கும் தெரியாது. அதைக் கர்வாலோ கண்டுகொள்கிறார். படித்த மேதை ஒருவர் ஊரே ஒதுக்கிய ஒருவனைத் தனக்கு வழிகாட்டியாக ஏற்றுக்கொள்வதை இவ்வளவு இயல்பாக, ஒரு சொட்டுக் கருணை வழியாமல் எழுதிய வேறொரு இந்திய நாவலை நான் படித்ததில்லை. பிரசங்கம் கிடையாது. காடு, மழை, சிரிப்பு, விடாத ஆர்வம். கடைசியில் அந்த ஓணான் கையில் சிக்காமல் போகிறது. அப்போதும் புத்தகத்தில் தோல்வியின் நெடி இல்லை.

பின்னாளில் அவர் பறவைகளைப் பற்றியும் பரிணாமம் பற்றியும் எழுதினார். கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைக் கன்னடத்துக்குக் கொண்டுவந்தார். 'மில்லெனியம்' வரிசையில் சின்னச் சின்ன அறிவியல் புத்தகங்களாக வெளியிட்டார். இதையெல்லாம் ஒரு பெரிய நாவலாசிரியரின் ஓய்வுநேர வேலை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. மந்தண்ணாவிடம் இருந்த அதே கண்தான் அந்தப் புத்தகங்களிலும் பார்க்கிறது. 'பரிசரத கதெ'யை (சுற்றுச்சூழலின் கதை) பள்ளிப் பிள்ளையும் படிக்கலாம், பேராசிரியரும் படிக்கலாம். அப்படி எழுதுவது நாவல் எழுதுவதைவிடச் சுலபம் என்று யார் சொன்னது?

மனிதர்களை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார் என்று நினைப்பவர்கள் 'தபரன கதெ'யைப் படிக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஒரு கடைநிலை ஊழியர், பென்ஷனுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார். வீட்டில் சர்க்கரை நோயாளியான மனைவிக்குக் கால் புண் அழுகிக்கொண்டிருக்கிறது. கிரீஷ் காசரவள்ளி இதைப் படமாக எடுத்தபோது தபரனாக நடித்தவர் நம் சாருஹாசன். 1986ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் தேசிய விருது அவருக்கு இதற்காகத்தான் கிடைத்தது. இந்த விருதைப் பற்றிப் பேசும் நாம் அந்தக் கதையை எழுதியவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாமே.

சாகித்திய அகாதமி விருது வாங்கிய 'சிதம்பர ரகசிய' நாவலில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. துப்பறியும் கதையும் ஊர் அரசியலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். முதல்முறை படிப்பவர்கள் அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கன்னட எழுத்து தெரிந்த ஓசூர், பெங்களூரு நண்பர்களே, 'கர்வாலோ'வில் தொடங்குங்கள். நீளம் குறைவு, நடையும் எளிது. ஏற்கெனவே படித்தவர்கள் மந்தண்ணாவைப் பற்றிக் கீழே எழுதுங்கள், பேசுவோம்.