மதிப்பெண்ணை முதலில் உங்கள் சாரிடம் காட்டுங்கள்

"அக்கா, 590 வந்திருக்கு. இனிமே அப்ளை பண்றதுல அர்த்தம் இருக்கா?"

போன வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு வந்த செய்தி. அனுப்பியவள் கணிதத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிஎச்டிக்கு விண்ணப்பிப்பதற்காக ஜிஆர்இ கணிதப் பாடத் தேர்வு எழுதியிருந்தாள். நான் பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "உனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போற சாருக்கு இது தெரியுமா?"

பத்து நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "இல்லக்கா. அவர்கிட்ட போய் எப்படிச் சொல்றது?" என்று வந்தது.

இந்தப் பதிவே அந்தக் கேள்விக்காகத்தான். ஏனென்றால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்தேன். என் மதிப்பெண் அவளுடையதைவிடப் பத்து குறைவு. மூன்று வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்தத் தேர்வு எதை அளக்கிறது என்று முதலில் பார்ப்போம். 66 கேள்விகள், 170 நிமிஷம். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிஷம் கிடைத்தால் அதிகம். மதிப்பெண் 200-இல் தொடங்கி 990 வரை போகும். கேள்விகளில் சரிபாதி கால்குலஸ். கால் பங்கு அல்ஜீப்ரா, அதில் லீனியர் அல்ஜீப்ராவும் குரூப், ரிங் எல்லாமும் அடக்கம். மிச்சமிருக்கும் கால் பங்குக்குள்தான் ரியல் அனாலிசிஸ், டோபாலஜி, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், நிகழ்தகவு எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். அதாவது முதுகலையில் நாம் உயிரைக் கொடுத்துப் படிப்பதற்கு அங்கே இடம் கொஞ்சம்தான். இளங்கலை முதல் இரண்டு வருஷத்தில் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதுதான் மதிப்பெண்ணில் பாதி.

எந்த மாதிரிக் கேள்வி என்று ஒன்றைக் காட்டுகிறேன். பூஜ்யத்திலிருந்து பையின் பாதி வரை ஒரு தொகையீடு. மேலே சைன் எக்ஸின் நூறாவது அடுக்கு. கீழே அதே நூறாவது அடுக்கில் சைனும் கொசைனும் கூட்டியது. பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கும். ஆனால் எக்ஸ் இருக்கும் இடத்தில் பையின் பாதியிலிருந்து எக்ஸைக் கழித்துப் போட்டுப் பாருங்கள். மேலே கொசைன் வந்துவிடும், கீழே இருப்பது மாறாது. இரண்டு தொகையீட்டையும் கூட்டினால் உள்ளே வெறும் 1. கூட்டுத்தொகை பையின் பாதி, ஆகவே விடை பையில் கால் பங்கு. முன்பே பார்த்தவருக்கு இது பத்து விநாடி. பார்க்காதவர், எவ்வளவு நல்ல மூளை உள்ளவராக இருந்தாலும், நாலைந்து நிமிஷம் திணறுவார். அந்த நாலைந்து நிமிஷத்தில் அடுத்த கேள்வியும் போய்விடும். நாங்கள் எழுதிய காலத்தில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் வேறு பிடித்துக்கொள்வார்கள். இப்போது அது இல்லை, எதையும் காலியாக விடவேண்டியதில்லை.

இப்படி ஒரு தேர்வை ஏன் பார்க்கிறார்கள் என்று கோபப்படுவது எளிது. நானும் கோபப்பட்டவள்தான். ஆனால் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருப்பவரின் மேசையை நினைத்துப் பாருங்கள். பெயரே கேள்விப்படாத கல்லூரியிலிருந்து 92 சதவீதம் வாங்கிய ஒருவருடைய சான்றிதழ் அங்கே கிடக்கிறது. அந்த 92 கஷ்டப்பட்டு வந்ததா, கேள்வித்தாளே சுலபமா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று கையில் கிடைத்தால் எடுத்து வைத்துப் பார்க்கத்தான் செய்வார். தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே, இந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து யாரையும் நிராகரிக்கக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனாலும் குறைந்த மதிப்பெண் அவர் மனதில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும்: இந்தப் பிள்ளைக்கு அடிப்படையில் ஓட்டை இருக்குமோ?

அதற்கு நீங்கள் பதில் சொல்ல முடியாது. "அன்று எனக்குக் காய்ச்சல்", "நேரம் போதவில்லை" என்று விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையில் எழுதினால் சந்தேகம் கூடத்தான் செய்யும். பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள், உங்களோடு உட்கார்ந்து கணிதம் போட்ட ஆசிரியர். அவரிடமே மதிப்பெண்ணை மறைத்தால், கேள்வி என்ன என்று தெரியாமலேயே அவர் கடிதம் எழுதி அனுப்பிவிடுவார்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் அனாலிசிஸ் சார் ஒருநாள் பயிற்சிக் கணக்கு ஒன்று சொன்னார். 0 முதல் 1 வரையான இடைவெளியில் தொடர்ச்சியான சார்புகளின் வரிசை ஒன்று, புள்ளிக்குப் புள்ளி பூஜ்யத்துக்கு ஒருங்குகிறது. சீராகவும், அதாவது எல்லாப் புள்ளியிலும் ஒருசேர, ஒருங்கும் என்று நிறுவ வேண்டும். நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் ஆசிரியர் அறைக்குப் போய், "சார், இது தப்புன்னு நினைக்கிறேன்" என்று நோட்டைத் திறந்து காட்டினேன். அதில் வரிசையாகக் கூடாரங்கள் வரைந்திருந்தேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறுகலாக, பூஜ்யத்தை நோக்கி நகர்ந்துகொண்டே போகும். ஆனால் உயரம் மட்டும் எப்போதும் 1. எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் கூடாரம் ஒரு கட்டத்தில் உங்களைத் தாண்டிப் போய்விடும். ஆனால் மொத்தமாகத் தாழவே தாழாது. சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "வரிசை இறங்குமுகமா இருக்கணும்னு சொல்ல விட்டுட்டேன்மா" என்றார். அந்த நிபந்தனை நிரூபணத்தில் எந்த வரியில் தேவைப்படுகிறது என்று எழுதிக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பக்கம் எழுதினேன்.

580-ஐ அவரிடம் சொன்னபோது அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எந்தப் பகுதியில போச்சு?" என்று மட்டும் கேட்டார். கால்குலஸில் வேகம் இல்லை என்றேன். சரி என்றார். கடிதம் ரகசியம், எனக்குக் காட்டவில்லை. இடம் கிடைத்த பிறகு ஒருநாள் அவரே சொன்னார்: மதிப்பெண்ணைக் குறிப்பிட்டு, அது வேகத்தின் குறை என்று ஒரே வரி எழுதிவிட்டு, மீதி முழுக்க அந்தக் கூடாரக் கதையைத்தான் எழுதினாராம். நான் பதினொரு இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒன்பது இடங்களில் இல்லை என்றார்கள். ஓரிடத்தில் காத்திருப்புப் பட்டியலிலேயே கடைசி வரை வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே இடம்தானா என்று தோன்றினால் ஜூன் ஹுவைப் பாருங்கள். கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2022-இல் பெற்றவர். 2009-இல் ஏறக்குறைய ஒரு டஜன் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். இளங்கலையில் அவர் பாடம் கணிதமே இல்லை. அவருடைய விண்ணப்பத்துக்குப் பலமாக இருந்தது ஜப்பானியக் கணித அறிஞர் ஹிரோனாகா எழுதிய பரிந்துரைதான். அவரும் ஃபீல்ட்ஸ் பதக்கக்காரர். அப்படியிருந்தும் இல்லினாய் பல்கலைக்கழகம் தவிர எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். நல்ல கடிதம் இருந்தால் எல்லாம் கைகூடும் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அந்த ஒரு கதவும் திறந்திருக்காது என்கிறேன்.

மறுபடி தேர்வு எழுதலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். குறை கால்குலஸ் வேகத்தில் என்றால் தாராளமாக எழுதலாம், கடிகாரம் வைத்துப் பழகினால் ஏறும். எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவது என்று நீங்களே தேர்ந்தெடுக்கவும் முடியும். ஆனால் அதற்காக ஆசிரியரோடு படித்துக்கொண்டிருக்கும் பாடத்தை நிறுத்தாதீர்கள். கடிதத்தில் எழுத விஷயம் அங்கிருந்துதான் வரவேண்டும்.

இன்னொன்று. 2020-இல் கொரோனா வந்தபோது பல கணிதத் துறைகள் இந்தத் தேர்வைக் கட்டாயம் இல்லை என்றாக்கின. சில இடங்களில் இன்றும் அப்படியே, சில இடங்களில் திரும்பக் கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தை நம்பாமல் கணிதத் துறையின் பக்கத்தில் போய்ப் படியுங்கள். எல்லாத் துறையினரும் எழுதும் பொது ஜிஆர்இ வேறு, பாடத் தேர்வு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல இடங்களைப் பட்டியலிலிருந்து அடித்தவர்களை எனக்குத் தெரியும். 'விரும்பினால் அனுப்பலாம்' என்று போட்டிருந்தால் குறைந்த மதிப்பெண்ணை அனுப்பாதீர்கள். கட்டாயம் என்று கேட்கும் மிகப் பெரிய துறைகளில் 590-ஐ வைத்துக்கொண்டு நுழைவது மிகக் கடினம், அதையும் மறைக்க விரும்பவில்லை. அங்கே ஒன்றிரண்டு போடுங்கள், பட்டியல் முழுக்க அவையாக இருக்கவேண்டாம். ஐரோப்பாவில் பெரும்பாலும் இந்தத் தேர்வைக் கேட்பதே இல்லை. இத்தாலியின் டிரியெஸ்தே நகரில் உள்ள ஐசிடிபி என்ற ஆய்வு மையம், வளரும் நாடுகளின் மாணவர்களுக்காகவே உதவித்தொகையோடு ஒரு வருஷக் கணித டிப்ளமோ நடத்துகிறது. அதை முடித்துவிட்டுப் பிஎச்டிக்குப் போகிறவர்கள் உண்டு.

அமெரிக்காவில் ஏப்ரல் 15 வரை காத்திருப்புப் பட்டியல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். இடம் கிடைத்தவர்கள் முடிவு சொல்ல அன்றுதான் கடைசி நாள். அதற்கு முந்தின இரவு அழைப்பு வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

அவளுக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. கடைசியில், "சாரோட உக்காந்து நீ போட்டதுல எது உனக்கு ரொம்பப் பிடிச்சுது?" என்று கேட்டேன். காம்பாக்ட் வெளியிலிருந்து ஹவுஸ்டார்ஃப் வெளிக்குப் போகும் தொடர்ச்சியான இருவழிச் சார்பு பற்றிய டோபாலஜித் தேற்றத்தைப் பற்றி, அதில் காம்பாக்ட் என்பதை எடுத்துவிட்டால் என்ன உடையும் என்பதைப் பற்றி, மூன்று செய்திகளாக விடாமல் எழுதினாள். 590-ஐப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

திங்கட்கிழமை சாரைப் பார்க்கப் போகிறாள். மதிப்பெண் தாளோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.