யார் உங்களை நடச் சொன்னது?

வியாழக்கிழமை நம் தாமான் (குடியிருப்பு) பூங்காவில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். புல் வெட்ட வந்தவர்கள், ஞாயிறுதோறும் அங்கே நாங்கள் நட்டு வளர்த்த செடிகளையும் மரக்கன்றுகளையும் சேர்த்துச் சிதைத்துவிட்டுப் போனார்கள். படங்களைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பார்த்திருப்பீர்கள். அவற்றை மறுபடியும் இங்கே போட எனக்கு மனம் வரவில்லை. நான் எழுத வந்தது அந்தப் படங்களுக்குக் கீழே வந்து விழுந்த ஒரு வரியைப் பற்றி. "கவர்மெண்ட் எடத்துல உங்கள யாரு நடச் சொன்னா? பெர்மிட் இருக்கா?"

செடி போனதைவிட இந்தக் கேள்விதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புல் வெட்ட ஆள் வந்ததில் எங்களுக்குக் கோபம் இல்லை. புல் வெட்டத்தான் வேண்டும். பூங்கா நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு, குத்தகை கொடுத்திருக்கிறார்கள், ஆள் வருகிறார்கள், சரி. வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்கள் கேட்பது அவ்வளவுதான். ஒரு போன் போதும். விளக்குக் கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தால்கூட முதல் நாள் மாலையே போய்க் குச்சி நட்டுக் கயிறு கட்டி, இது செடி, இது களை என்று காட்டிவிட்டு வந்திருப்போம்.

ஊஞ்சல் பக்கத்துப் பாத்தி முழுக்கப் போய்விட்டது. துளசி, செம்பருத்தி, பண்டான் (ரம்பை), செரை (எலுமிச்சைப் புல்) எல்லாம் தரையோடு தரை. பண்டானும் செரையும் திரும்ப வந்துவிடும். செம்பருத்தி அடித்தண்டிலிருந்து துளிர்க்கும். அவற்றுக்காக நான் இவ்வளவு எழுத மாட்டேன். தாங்க முடியாதது அந்த மகிழங்கன்றுகள். அவற்றை யாரும் வெட்டிச் சாய்க்கவில்லை, நிமிர்ந்துதான் நிற்கின்றன, இலைகூட இன்னும் பச்சை. அதைப் பார்த்துவிட்டுத்தான் குழுவில் சிலர் "மரத்துக்கு ஒண்ணும் ஆகலையே, ஏன் இவ்வளவு சத்தம்?" என்று கேட்டார்கள். குனிந்து அடியைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். மெஷினில் சுழலும் நைலான் கயிறு அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மூக்குக் கண்ணாடியைச் சேலையில் துடைத்து மாட்டிக்கொண்டு, முட்டி வலியோடு குத்தவைத்து உட்கார்ந்து, கட்டை விரலால் அந்த வெள்ளைக் காயத்தைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. "சுத்தியும் போயிருச்சு" என்றார். அடுத்த கன்றுக்குப் போனார். அதில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை மிச்சம் இருந்தது. "இது பொழச்சுக்கும்." அதற்கடுத்ததைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் எழுந்துகொண்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இலை தயாரிக்கும் உணவு பட்டையின் உட்பக்கமாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் பட்டை போய்விட்டால் வேர் பட்டினி. மேலே இலை கொஞ்ச காலம் பச்சையாகவே இருக்கும், அப்புறம் ஒவ்வொரு கிளையாகக் காயும். தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பால் வெட்டும்போது மரத்தைச் சுற்றிப் பாதி வட்டத்தோடு கோட்டை நிறுத்துவார்கள். கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கும் கட்டையில் படக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது பட்டையை மிச்சம் விட்டுத்தான் சீவ வேண்டும். பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே கத்தி ஓடாது. விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில், அந்தக் கணக்கோடு வெட்டியவர்கள் எங்கள் அம்மாக்கள். ஒரு மரத்தில் காயம் பட்டால் மண்டோர் (கங்காணி) எல்லார் முன்னாலும் ஏசுவார். இன்று பட்டப்பகலில் வரிசையாகக் கன்றுகளைக் காயப்படுத்திவிட்டுப் போகிறார்கள், ஏன் என்று கேட்க ஆளில்லை. கேட்ட எங்களிடம் பெர்மிட் எங்கே என்கிறார்கள்.

மெஷினைத் தூக்கி வந்த அந்தப் பையனை யாரும் திட்ட வேண்டாம். குழுவில் அவன் எந்த நாட்டுக்காரன் என்பதை வைத்துச் சிலர் எழுதியதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நம் தாத்தாக்களும் கப்பலில் வந்து இறங்கி, சொன்ன இடத்தில் சொன்னதை வெட்டியவர்கள்தான். எதை வெட்டக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் அலுவலகத்தில் இருந்தார்கள்.

சரி, அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். கேட்டோம். நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் கொடுத்தோம். அப்போது இருந்த அதிகாரி நேரில் வந்து பார்த்து, நல்ல காரியம், செய்யுங்கள் என்றார். எழுத்தில் தாருங்கள் என்று கேட்டதற்கு, இதற்கெல்லாம் எதற்கு எழுத்து என்றார். பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு எங்களைத் தெரியாது. தெரியாததைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே பூங்காவில் ஒரு கூட்டம் சங்குலும் (மண்வெட்டி) பாராங்குமாக (வெட்டுக்கத்தி) நிற்கிறது. நாங்கள் ஒளிந்துகொண்டு செடி நடவில்லை. விசாரித்திருந்தால் முதல் ஆளே சொல்லியிருப்பார்.

"சுக்காய் பிந்து கட்டுறோம்ல, அவங்க வேலைய நாம ஏன் செய்யணும்?" குழுவில் வந்த இந்தக் கேள்வியை மதிக்கிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. சுக்காய் பிந்து என்னும் அந்த வீட்டு வரியை வருடத்துக்கு இரண்டு முறை நானும்தான் கட்டுகிறேன். விளக்கு எரிய வேண்டும், கால்வாய் அடைக்கக்கூடாது, ஊஞ்சல் சங்கிலி துருப்பிடித்து அறுந்து பிள்ளை விழக்கூடாது. இதெல்லாம் அவர்கள் வேலை. அதைச் செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நம் வரி ரசீதைப் பார்த்து முட்டை போடுவதில்லை. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் தவறாமல் போய் நெகிழிக் குவளை, தேங்காய் ஓடு, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு வருகிறோம். மாதத்துக்கு ஒரு முறை வரும் குத்தகைக்காரர் அதைச் செய்ய முடியாது. பூங்காவை ஒட்டிய வீட்டில் இருப்பவர்கள்தான் செய்ய முடியும். அவர்கள் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை, அவர்களால் முடியாததைச் செய்கிறோம்.

"எல்லாம் படம் எடுத்துப் போடத்தான்" என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. லாலான் என்னும் களைப்புல்லின் வேரை ஒரு முறை தோண்டிப் பாருங்கள். ஒரு சிறு துண்டு மண்ணுக்குள் தங்கினாலும் திரும்ப முளைக்கும், கிளறிக் கிளறி நகக்கண்ணெல்லாம் மண் ஏறும். படத்துக்காக அதை யாரும் செய்ய மாட்டார்கள்.

கோவிலுக்கு இந்த உழைப்பைத் தரலாமே என்று ஒரு பெரியவர் அன்பாகச் சொன்னார். ஐயா, கோவிலுக்கும் போகிறோம். பூங்காவுக்கு மலாய்க்கார அத்தையும் வருகிறார், பின்தெருச் சீனத் தாத்தாவும் வருகிறார். இந்த ஊரில் எல்லாரும் சேர்ந்து குனிந்து வேலை செய்யும் இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

கோலாலம்பூரில் தாமான் துகு இருக்கிறதே, 66 ஏக்கர் நகரக் காடு, 2018-இல் திறந்தது. அங்கே நாற்றங்காலில் தன்னார்வலர்கள் வேலை செய்கிறார்கள். அதே கோலாலம்பூரின் புக்கிட் கியாரா குன்றில் குடியிருப்பாளர்களே காட்டு மரம் நட்டு நடைபாதைகளைப் பராமரிக்கிறார்கள். அவர்களைப் பத்திரிகையில் பாராட்டி எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். தோட்டத்து ஊரில் அதே வேலையைச் செய்தால் மட்டும் ஏன் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆகிறோம்? தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். ஈயம் தோண்டி முடித்துவிட்டுப் போன குழிகள்தான் அவை. 1880-இல் அவற்றைப் பூங்காவாக்கியபோது யாரோ ஒருவர் வீணான மண்ணைப் பார்த்து, இதில் மரம் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறார். கோலகங்சாரில் 1877 வாக்கில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. வேலி போட்டு, பலகை வைத்துக் காக்கிறார்கள். மரத்தை எப்படிக் காப்பது என்று இந்த நாட்டுக்குத் தெரியும். நம் மகிழங்கன்றுக்கு வேலிகூட வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டினால் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "உங்க எடமா?" என்பது போலக் கேட்டார்களே, அதுதான் இவ்வளவு வலிக்கிறது. தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீடு எங்களுடையது இல்லை. வாசலில் அம்மா வளர்த்த முருங்கை எங்களுடையது இல்லை. தோட்டம் கைமாறியபோது மாடு, கோழி, சாமி படம், பாத்திரம் பண்டம் எல்லாம் லாரியில் ஏறின, முருங்கை நின்றுவிட்டது. அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டத்தை வாங்கலாம் என்று கேட்டு 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது ஏன்? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் போக்கிடம் இல்லாமல் நின்றார்கள், அதனால். எங்கள் தோட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாங்கள் இந்த மலிவு விலை வீடுகளுக்கு வந்தோம். வந்தபோது பூங்கா என்று வரைபடத்தில் இருந்தது, நேரில் லாலானும் உடைந்த சிமெண்டுக் கட்டியும்தான். அதைத் துப்புரவு செய்தது யார்?

நாங்கள் அதற்குப் பட்டா கேட்கவில்லை. பொது இடம்தான். பொது என்றால் அதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்றுதானே அர்த்தம்? இந்த நாட்டில் நகராண்மைக் கழக உறுப்பினரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. 1965-இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள், 1976-இல் வந்த சட்டம் அதை இல்லாமலே ஆக்கிவிட்டது. நியமனம்தான். அப்படியிருக்க, வீட்டு வாசலில் இருக்கும் பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல எங்களிடம் இருப்பது இரண்டு கையும் ஞாயிற்றுக்கிழமை காலையும்தான். அதையும் யார் கேட்டது என்றால், பிறகு எதைத்தான் கொண்டு வருவது?

தினமும் மைலோ டின்னில் தண்ணீர் கொண்டுவந்து கன்றுகளுக்கு ஊற்றும் பெரியம்மாவை உங்களுக்குத் தெரியும். அந்த வரியைப் படித்த இரவே அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "வேணாம்பா, நாளைக்கு போலீஸ் கேஸுன்னு வந்துட்டா பேரப்புள்ளைங்களுக்கு அசிங்கம்" என்றார். எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனுஷியைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதற்காகப் பயப்பட வைத்திருக்கிறீர்கள். கேள்வி கேட்டவர் இதையும் படிக்க வேண்டும் என்றுதான் இந்தப் பதிவைப் பொதுவில் போடுகிறேன்.

திங்கட்கிழமை கடிதத்தோடு போகிறோம். நஷ்ட ஈடு கேட்கப் போவதில்லை. புல் வெட்ட வரும் தேதியை முன்கூட்டியே சொல்ல வேண்டும், எங்கள் பாத்திகளையும் கன்றுகளையும் அவர்கள் பதிவில் சேர்த்து எழுத்தில் அனுமதி தர வேண்டும், இனி யாரை மாற்றினாலும் அந்தக் கோப்பு அங்கே இருக்க வேண்டும். எங்கள் பக்கமும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் புல்லை எடுத்துத் தழைக்கூளம் போட்டு, பழைய பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து அடிமரத்துக்குக் காவலாக மாட்டப் போகிறோம், மெஷின் கிட்டே வரத் தேவையே இருக்காது. வீட்டில் வெட்டிப்போட்ட குழாய்த் துண்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம், அலுவலகத்துக்கு மலாயில் முறையாகக் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் யாராவது இன்றைக்குள் உள்பெட்டிக்கு வாருங்கள். நான் எழுதி வைத்திருப்பது கோபமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.