அக்கவுண்ட்டை வாடகைக்கு விடுகிறவனும் கூட்டாளிதான்

இனி வரப்போகும் தாதாக்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் ஏஐ, டீப்ஃபேக் (ஏஐ செய்யும் போலி முகம், போலிக் குரல்) என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பொய்யில்லை. 2024-ல் வெளியே வந்த ஹாங்காங் விவகாரத்தில், ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வீடியோ காலில் தன் மேலதிகாரியையும் சக ஊழியர்களையும் பார்த்து, அவர்கள் சொன்னபடியே 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவைத்தார். அந்தக் காலில் அவரைத் தவிர ஒருவர்கூட நிஜ ஆள் இல்லை. எல்லோரும் வாயைப் பிளந்தோம். ஆனால் அந்தப் பணம் போய் விழுந்தது எங்கே? அதே ஊரில் இருந்த சாதாரண பேங்க் அக்கவுண்ட்களில். என் கவலையெல்லாம் அந்த அக்கவுண்ட்களைப் பற்றித்தான்.

மியான்மரின் மியாவடியையும் கம்போடியாவின் சிஹானூக்வில்லையும் பாருங்கள். சிஹானூக்வில்லில் சீனச் சூதாடிகளை நம்பி வரிசையாக கேசினோ கட்டினார்கள். 2019-ல் கம்போடியா ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை போட்டது, பின்னாலேயே கொரோனா வந்தது, கட்டடங்கள் காலியாக நின்றன. அங்கே போனிலும் ஆன்லைனிலும் ஆளை ஏமாற்றிப் பணம் பறிக்கும் மோசடிக் கம்பெனிகள் குடியேறின. ஷிப்டு, டார்கெட், டார்கெட் முடிக்காதவனுக்கு அடி, எல்லாம் உண்டு. 2022-ல் நம் ஊர்ப் பையன்களும் இப்படித்தான் போனார்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி பாங்காக்கில் இறங்கி, அங்கிருந்து காரில் எல்லைக்குக் கொண்டுபோகப்பட்டு, ஆற்றைக் கடந்து மியாவடியில் அடைக்கப்பட்டார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படி வேலை வாங்கப்படலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் சொன்னது. 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அந்த எல்லைப் பகுதிக்கு மின்சாரத்தையும் இன்டர்நெட்டையும் துண்டித்தது. அவர்கள் ஜெனரேட்டரையும் ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இன்டர்நெட்டையும் வைத்துச் சமாளித்தார்கள்.

இப்போது ஏஐ வந்துவிட்டது. நாளெல்லாம் சாட் பண்ணவும் காதலியாக நடிக்கவும் எந்த மொழியிலும் பேசவும் மெஷினே போதும் என்றால், ஆளைக் கடத்தி அடைத்துச் சோறு போட வேண்டிய அவசியம் குறையும். ஆள்கடத்தல் குறையலாம். மோசடி ஏன் குறையப்போகிறது?

ஏமாறுகிறவர் பக்கமும் நிறைய மாறியிருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் வயதான இருவர் மட்டும், ரிட்டயர்மென்ட் பணம் எஃப்.டி.யில், உலகத்தோடு தொடர்பு என்றால் ஒரு போன்தான். போலீஸ், சிபிஐ என்று போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’காரனுக்கு வேறென்ன வேண்டும்? சட்டத்துக்குப் பயந்தே வாழ்ந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். ஏரியா ரவுடிக்கு போன் போட்டு ‘சிபிஐயிலிருந்து பேசுறேன்’ என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பான்.

சரி, குரலுக்கு மெஷின் இருக்கிறது, முகத்துக்கும் இருக்கிறது. ஆனால் பணத்தை வாங்கிப் பத்து நிமிஷத்தில் கைமாற்றிவிட, ஆதாரும் பானும் உள்ள ஒரு நிஜ ஆளின் பெயரில் அக்கவுண்ட் வேண்டும். அதற்குத்தான் காலேஜ் பையனையும், வேலை போனவனையும், கடனில் இருக்கிறவனையும் டெலிகிராமில் வலைபோட்டுப் பிடிக்கிறார்கள். ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு, கமிஷன் தருகிறோம், அவ்வளவுதான். கந்துவட்டிக்காரனை என்றால் தெருவுக்கே தெரியும். இந்தப் பையனுக்குத் தன் முதலாளி எந்த நாட்டில் இருக்கிறான் என்றுகூடத் தெரியாது. அந்த முதலாளி எவ்வளவு பெரிய ஆளாக இருக்கலாம் தெரியுமா? இப்படிப்பட்ட மோசடி முகாம்களை நடத்தியதாக 2025 அக்டோபரில் அமெரிக்கா குற்றம்சாட்டிய பிரின்ஸ் குரூப்பின் சென் ஜி, கம்போடியாவில் பெரிய தொழிலதிபராகவும் பிரதமருக்கே ஆலோசகராகவும் இருந்தவர். அந்த வழக்கில் அமெரிக்கா கையில் எடுத்த பிட்காயின் மட்டும் சுமார் 1,500 கோடி டாலர்.

இதுபோன்ற அக்கவுண்ட்களைக் கண்டுபிடிக்க மியூல்ஹன்டர் என்ற ஏஐ கருவி இருப்பதாக ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் அறிவித்தது, நல்லதுதான். ஆனால் கருவி அக்கவுண்ட்டைப் பிடிப்பதற்கு முன்னாலேயே பையன் அதை விற்றுவிடுகிறானே. காலேஜ் பிளேஸ்மென்ட் வகுப்பில் ரெஸ்யூமே எழுதக் கற்றுக்கொடுக்கிற நேரத்தில் ஒரு அரை மணி நேரம் இதையும் சொல்லுங்கள். அக்கவுண்ட் முடங்கும், எங்கேயோ வடக்கே ஒரு சைபர் கிரைம் ஸ்டேஷனிலிருந்து நோட்டீஸ் வரும், அங்கே போய் வர ஆகும் டிக்கெட் செலவுக்கும் வக்கீல் ஃபீஸுக்கும் அவன் வாங்கிய கமிஷன் காணாது.